மார்கழியில் குறித்த டார்கெட்: எங்கள் பனியன் கம்பெனி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர்,
மே 2025.

மதிப்பிற்குரிய நிர்வாக இயக்குநர் அவர்களுக்கும், உற்பத்தி மேலாளர் அவர்களுக்கும்,

கடந்த திங்கட்கிழமை காலை, வருகைப் பதிவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்ட அறிவிப்பைப் பற்றி இதை எழுதுகிறேன். மூன்றாம், நான்காம் லைன்களின் (தையல் வரிசைகளின்) உற்பத்தி மூன்று மாதங்களாகக் குறைந்திருப்பதற்கு "தொழிலாளர்களின் மெத்தனப் போக்கே காரணம்" என்று அந்த அறிவிப்பு தொடங்குகிறது. ஜூன் முதல் தேதியிலிருந்து மணிக்கு 120 பீஸ் எடுக்காத லைனில் உள்ள அனைவருக்கும் ஊக்கத்தொகை நிறுத்தப்படும் என்றும், கழிப்பறைக்குச் செல்வோர் லைனுக்கு இரண்டே இரண்டாக வைக்கப்படும் டோக்கன்களில் ஒன்றை எடுத்துச் சென்று ஐந்து நிமிடத்துக்குள் திரும்பி வைக்க வேண்டும் என்றும், வெட்டிய துணி பறப்பதால் மேல்தளத்தில் உள்ள பெடஸ்டல் ஃபேன்கள் அகற்றப்படும் என்றும் அது சொல்கிறது. ஃபேன்களை அன்று மாலையே இறக்கிவிட்டார்கள். மற்ற இரண்டுக்கும் இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. அதற்குள் இந்த மடல் உங்கள் கைக்கு வர வேண்டும் என்பதற்காகவே அவசரமாக எழுதுகிறேன்.

என் பெயரிட்ட படி ஒன்றை அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். பொதுவில் வைக்கும் இந்தப் படியில் என் பெயரும் இல்லை, கம்பெனியின் பெயரும் இல்லை. எங்களிடம் துணி வாங்கும் பையர்கள் கண்ணில் பட்டால் ஆர்டர் கைவிட்டுப் போகும் என்பதும், ஆர்டர் போனால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது நாங்கள்தான் என்பதும் எனக்கும் தெரியும். ஆனாலும் இதைப் பொதுவில் வைப்பதற்குக் காரணம், இதே வாசகங்களுடன் இதே போன்ற அறிவிப்புகள் எங்களுடையது தவிர வேறு கம்பெனிகளிலும் ஒட்டப்பட்டிருப்பதாக, ஒரே பேருந்தில் வருகிற பெண்கள் சொல்லக் கேட்டேன். அந்த நிர்வாகங்களும் இதைத் தங்களுக்கு எழுதியதாக எடுத்துக்கொள்ளலாம்.

நான் 16 ஆண்டுகளாகச் செக்கிங் மேசையில் நிற்பவள். அதற்கு முன் மூன்று ஆண்டுகள் கைமடியாக, அதாவது டைலருக்கு உதவியாளாக, இருந்தேன். தைப்பவர்களின் வேகத்தைச் சூப்பர்வைசர் பார்ப்பார்; தைத்ததன் தரத்தைப் பார்ப்பது என் வேலை. ஒவ்வொரு மணி நேரமும் எத்தனை பீஸ் என் மேசைக்கு வந்தது, அதில் எத்தனை ஆல்டருக்கு (பிரித்துச் சரிசெய்து தைக்க) திரும்பிப் போனது, என்ன குறை, எந்த மிஷினில் வந்த குறை என்று நோட்டில் எழுதுவது என் பொறுப்பு. அந்த நோட்டுகளின் சுருக்கம் தினமும் மாலையில் அலுவலகத்துக்கு வருகிறது. ஆனால் வந்து சேர்வது நாள் முழுவதற்குமான ஒரே ஒரு கூட்டுத்தொகை மட்டுமே; மணிவாரிக் கணக்கு என் மேசை இழுப்பறையிலேயே தங்கிவிடுகிறது. உங்கள் அறிவிப்பு அந்தக் கூட்டுத்தொகையைப் பார்த்து எழுதப்பட்டது. நான் மணிவாரிக் கணக்கைப் பார்த்து எழுதுகிறேன்.

பிப்ரவரி மாதத்தில் என்ன மாறியது என்பதை முதலில் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அதுவரை இந்த இரண்டு லைன்களும் கீழ்த்தளத்தில், காங்கிரீட் கூரையின் கீழ், கிழக்கிலும் மேற்கிலும் ஜன்னல் உள்ள கூடத்தில் இருந்தன. புதிய தானியங்கிக் கட்டிங் மெஷின் வந்தபோது அதற்கு அந்தக் கூடம் தேவைப்பட்டது. சூட்டிலும் தூசியிலும் அந்த மெஷின் பழுதாகிவிடும் என்று அதை நிறுவ வந்த பொறியாளர்கள் சொன்னதால், கூடத்தைக் கண்ணாடி போட்டு அடைத்து ஏ.சி. பொருத்தினீர்கள். நாற்பது பேரும் நாற்பது மிஷின்களுமாக நாங்கள் தகரக் கூரை போட்ட மேல்தளத்துக்கு ஏறினோம். மெஷினுக்குச் சூடு ஆகாது என்று பொறியாளர் சொன்னதை நீங்கள் ஒரே நாளில் ஏற்றுக்கொண்டதை நான் குறை சொல்லவில்லை. தைக்கிற கைக்கும் அது ஆகாது என்று நாங்கள் மூன்று மாதங்களாகச் சொல்லிவருவது மட்டும் ஏன் மெத்தனமாகக் கேட்கிறது என்பதே என் கேள்வி.

ஆட்கள் மாறவில்லை. மூன்றாம் லைனில் ஜனவரியில் இருந்த இருபது பேரில் பதினெட்டுப் பேர் இன்றும் அதே மிஷினில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். மிஷின்களும் மாறவில்லை. ஸ்டைலும் மாறவில்லை, அதே வட்டக் கழுத்து டி-ஷர்ட், அதே பையரின் ரிப்பீட் ஆர்டர். மாறியது தளம் ஒன்றுதான். இப்படி ஒரு சோதனையை வேண்டுமென்றே நடத்தினாலும் இத்தனை துல்லியமாக நடத்த முடியாது என்று கோவையில் பொருளியல் படிக்கும் என் மகள் சொல்கிறாள்.

அந்தச் சோதனையின் முடிவு என் நோட்டில் இருக்கிறது. கீழ்த்தளத்தில் இருந்தபோது மூன்றாம் லைன் மணிக்கு 95 முதல் 100 பீஸ் வரை கொடுத்தது. நூறு பீஸுக்கு நான்கோ ஐந்தோ ஆல்டருக்குப் போகும். காலைக்கும் மாலைக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. மேல்தளத்துக்கு வந்த பிறகு, காலை எட்டரையிலிருந்து பதினொரு மணி வரை இன்றும் அதே கணக்குதான் வருகிறது. மெத்தனம் என்றால் அது காலையிலேயே தொடங்கியிருக்க வேண்டாமா? பதினொரு மணிக்கு மேல் எண்ணிக்கை இறங்குகிறது. மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை மணிக்கு 70 பீஸ் வந்தால் அதிகம். அதிலும் நூற்றுக்குப் பதினொன்று, பன்னிரண்டு திரும்பிப் போகிறது. திரும்பிப் போன பீஸைப் பிரித்துத் தைக்க, புதிதாகத் தைப்பதைவிடக் கூடுதல் நேரமாகும் என்பதை மேலாளர் அவர்கள் அறிவார்கள். அந்த நேரமும் மறுநாள் காலைக் கணக்கைத்தான் தின்கிறது.

ஏப்ரல் தொடக்கத்தில் என் கைக்காசில் ஒரு சுவர் வெப்பமானி வாங்கி மேசைக்கு மேல் மாட்டினேன். அது மதியம் மூன்று மணிக்கு 39, 40 என்று காட்டிய நாட்கள் பல. அதே நேரத்தில் கீழே பேக்கிங் பகுதியில் மாட்டிப் பார்த்தால் 33, 34. அந்த ஆறு டிகிரி துணியில் எப்படித் தெரிகிறது என்பதை நேரில் பார்க்காதவர்களுக்காகச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கழுத்துக்கு ரிப் (கழுத்துப் பட்டி) ஏற்றுவதுதான் டி-ஷர்ட்டில் மிகக் கவனமான வேலை. ரிப் துணி உடல்துணியைவிடச் சிறியதாக வெட்டப்பட்டிருக்கும். சுற்று முழுவதும் ஒரே சீராக இழுத்துப் பிடித்துக்கொண்டே ஓவர்லாக் மிஷினில் விட வேண்டும். அந்த இழுப்பை எந்த மீட்டரும் அளக்காது. பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில்தான் அந்த அளவு இருக்கிறது. விரல் வியர்த்தால் துணி வழுக்கும். வழுக்காமலிருக்க இறுக்கிப் பிடித்தால் இழுப்பு கூடிவிடும். கழுத்து ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் தொங்கும். மதியத்துக்கு மேல் என் மேசைக்கு வரும் ஆல்டரில் பாதி இதுதான். வெள்ளைத் துணி ஓடும் நாட்களில் இதோடு கறையும் சேர்ந்துகொள்ளும். நெற்றி வியர்வை துணியில் விழாமல் இருக்கத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு தைக்கிறார்கள். அந்தத் துண்டைச் சரிசெய்யக் கை போகும்போதெல்லாம் மிஷின் நிற்கிறது. பஞ்சுத் தூசி வியர்வையில் ஒட்டி அரிப்பெடுக்கிறது. இவை ஒவ்வொன்றும் நான்கைந்து நொடிதான். ஒரு டி-ஷர்ட்டில் ஓர் ஆளின் பங்கு வேலையே அரை நிமிடத்துக்குள் முடிகிற வேலை என்கிறபோது நான்கைந்து நொடி சிறிதல்ல.

மூன்றாம் லைனில் ரிப் ஏற்றும் அக்கா பன்னிரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவர். புதிதாக வருகிறவர்களை அவர் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் பழக்குவீர்கள். ஏப்ரலில் ஒரு நாள் மதியம் அவர் தைத்ததில் ஒரே துணிக்கட்டுக்குள் பதினோரு பீஸ் கழுத்து ஓப்பனாகி வந்தது. அத்தனை பேர் முன்னிலையில் சூப்பர்வைசர் அந்தக் கட்டை அவர் மிஷின் மேல் எறிந்துவிட்டுப் பேசிய பேச்சை நான் இங்கே எழுதப் போவதில்லை. அன்று அந்த அக்கா காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை என்பது பக்கத்து மிஷினில் இருந்தவருக்கு மட்டும் தெரியும். தண்ணீர் குடித்தால் கீழே போக வேண்டும். மேல்தளத்தில் கழிப்பறை கிடையாது. படியிறங்கிப் பேக்கிங்கைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போய் வரவே ஆறு ஏழு நிமிடம். அதனால் மேல்தளப் பெண்களில் பலர் காலையில் டீயோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நாற்பது டிகிரியில் தண்ணீர் குடிக்காமல் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் தலை சுற்றும், கண் மங்கும், கை நடுங்கும். பிறகு நீர்க்கடுப்பு வரும். இரண்டு நாள் விடுப்பு. அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டு லைனைச் சமன் செய்யச் சூப்பர்வைசர் அரை நாள் அலைவார். அதுவும் உற்பத்திக் குறைவாகத்தான் உங்கள் மேசைக்கு வருகிறது. இனிமேல் டோக்கன் வேறு.

என் தவறையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மார்ச்சில் கருநீல ஆர்டர் ஓடியபோது நான் சரி என்று விட்ட நாற்பதுக்கும் மேற்பட்ட பீஸ்கள் இறுதிச் சோதனையில் தையல் விட்டுப்போனதற்காகத் திரும்பி வந்தன. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தரப்பட்டது, கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டேன். அந்தப் பிழை என்னுடையதுதான். ஆனால் அது எப்போது நடந்தது என்று என் நோட்டில் தேடியபோது, எல்லாமே மாலை ஐந்தரைக்கு மேல் பார்த்த பீஸ்களாக இருந்தன. மேல்தளத்தில் குழல்விளக்குகள் கூரைச் சட்டத்தில், கீழ்த்தளத்தில் இருந்ததைப்போல் இரண்டு மடங்கு உயரத்தில் தொங்குகின்றன. கருநீலத் துணியில் கருநீல நூல். வெளியே வெளிச்சம் போனபிறகு கையால் தடவித்தான் தையலைக் கண்டுபிடிக்க முடிந்தது. மறுநாள் பேக்கிங்கிலிருந்து ஒரு மேசை விளக்கைக் கடன் வாங்கிவந்து வைத்துக்கொண்டேன். அந்த ஆர்டர் முடியும்வரை அதற்குப் பிறகு ஒரு பீஸ்கூட என் மேசையைத் தாண்டித் திரும்பி வரவில்லை. கண் அதே கண்தான், நான் எடுத்துக்கொண்ட கவனமும் அதேதான்.

இப்போது அந்த 120 என்ற எண்ணுக்கு வருகிறேன். அது எங்கிருந்து வந்தது என்று வேலை நேரத்தை அளந்து டார்கெட் போடும் ஐ.ஈ. பிரிவில் இருக்கும் தம்பியிடம் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார், அதற்காக அவரைக் கோபிக்க வேண்டாம். இந்த டி-ஷர்ட் ஒன்றுக்கு 8 நிமிடம் என்பது நிர்ணயித்த நேரம். இருபது பேர், 480 நிமிடம் என்றால் 9,600 நிமிடம். எட்டால் வகுத்தால் நாளுக்கு 1,200 பீஸ், மணிக்கு 150. அதில் 80 விழுக்காடு 120. கணக்கு சரிதான். அந்த 8 நிமிடத்தை எப்படி அளந்தீர்கள் என்று கேட்டேன். ஜனவரித் தொடக்கத்தில், அதாவது மார்கழிக் குளிரில், கீழ்த்தளத்தில், காலை பத்து மணிவாக்கில், நல்ல கை உள்ள டைலர்களை வைத்து ஸ்டாப்வாட்சில் எடுத்தது. மார்கழியில் கீழே எடுத்த நேரத்தை வைகாசியில் தகரத்துக்கு அடியில் கேட்கிறீர்கள். அந்த மார்கழியில்கூட நாங்கள் நூறைத் தாண்டியதில்லை.

அதே கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. நிர்ணயித்த நேரம் என்பது வெறும் தையல் நேரம் அல்ல. தனிப்பட்ட தேவைக்கும் களைப்புக்கும் என்று ஒரு பங்கு அதில் சேர்க்கப்பட வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வேலை ஆய்வு நூலில் உள்ள மாதிரி அட்டவணை, தனிப்பட்ட தேவைக்காக ஆண்களுக்கு 5 விழுக்காடும் பெண்களுக்கு 7 விழுக்காடும், அடிப்படைக் களைப்புக்காக 4 விழுக்காடும் சேர்க்கச் சொல்கிறது. நின்று செய்யும் வேலைக்கும், சூடும் புழுக்கமும் உள்ள இடத்துக்கும் அதற்கு மேல் தனியே சேர்க்கச் சொல்கிறது. 480 நிமிடத்தில் 7 விழுக்காடு என்றால் ஏறக்குறைய 34 நிமிடம். இந்தப் பங்கு உங்கள் 8 நிமிடத்துக்குள் சேர்ந்திருந்தால், கழிப்பறைக்குப் போய்வரும் நேரம் ஏற்கெனவே எங்கள் டார்கெட்டில் கழிக்கப்பட்டுவிட்டது. டோக்கன் வைத்து அதை இரண்டாவது முறை பிடிக்கக் கூடாது. சேரவில்லை என்றால் டார்கெட்டே தவறு. இரண்டில் எது என்பதை நிர்வாகம்தான் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் ஒரு செக்கிங்காரியின் நோட்டு என்று ஒதுக்கிவிட வேண்டாம் என்பதற்காக, என் மகள் படித்துச் சொன்ன இரண்டு ஆய்வுகளைக் குறிப்பிடுகிறேன். இந்தியத் தொழிற்சாலைகளில் வெப்பம் உற்பத்தியை எப்படிப் பாதிக்கிறது என்று 2021-இல் வெளியான ஓர் ஆய்வு, நெசவு, ஆயத்த ஆடைத் தையல் போன்ற வேலைகளின் தினசரிக் கணக்கையும் நாடு தழுவிய ஆலைகளின் ஆண்டுக் கணக்கையும் பார்த்து, ஒரு டிகிரி கூடினால் ஆலையின் ஆண்டு உற்பத்தி ஏறக்குறைய 2 விழுக்காடு குறைகிறது என்று கண்டது. வேலையிடத்தைக் குளிர்வித்தால் வேலை நேரத்து இழப்பு மறைகிறது என்றும், ஆனால் விடுப்பு எடுப்பது அதனால் குறைவதில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. விடுப்புக்குக் காரணம் எங்களுக்குத் தெரியும்: இங்கே தகரத்துக்கு அடியில் இருந்துவிட்டு, இரவும் லைன் வீட்டில் சிமென்ட் அட்டைக்கு அடியில்தான் படுக்கிறோம். மற்றொன்று பெங்களூருப் பகுதி ஆடைத் தொழிற்சாலைகளில் நடந்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்த மிஷின்களுக்கு மேலிருந்த குழல்விளக்குகளை எல்.ஈ.டி.யாக மாற்றினார்கள், எல்.ஈ.டி. குறைவாகச் சூடாவதால், வெயில் நாட்களில் ஏற்பட்டுவந்த உற்பத்தி இழப்பின் பெரும்பகுதி நின்றுபோனது. மின்கட்டணம் மிச்சமானதைத் தவிர்த்து, தைத்த கையாலேயே அந்த விளக்குகளின் விலை திரும்பி வந்தது. விளக்கு மாற்றியதற்கே இது என்றால் கூரையை மாற்றினால் என்ன ஆகும் என்று கணக்குப் பார்ப்பது உங்கள் வேலை.

தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2024-இல் வெளியான ஆய்வு, கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறப்பதும் இரண்டு மடங்காகும் ஆபத்து இருப்பதைக் காட்டியது. நான்காம் லைனில் இப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருவர் இருக்கிறார். அவரைக் கீழே பேக்கிங்குக்கு மாற்றக் கேட்டு மூன்று வாரமாகிறது. இதை உற்பத்திக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை, தனியாகவே சொல்கிறேன்.

சட்டத்தை நீட்டிப் பேச நான் விரும்பவில்லை. இதை எழுதும் மே 2025-இல் நடப்பிலுள்ள, 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 13-ஆம் பிரிவு, சுவரும் கூரையும் முடிந்தவரை சூடு குறைவாக இருக்கும்படியான பொருளால் அமைய வேண்டும் என்கிறது. கூரைக்கு வெள்ளையடிப்பது, தண்ணீர் தெளிப்பது, இரட்டைக் கூரை போடுவது என்று அதற்கு வழிகளும் இருக்கின்றன. 44-ஆம் பிரிவு நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி கேட்கிறது. செக்கிங்கிலும் அயர்னிங்கிலும் ஒரு ஸ்டூல்கூட இல்லை. 250 பேருக்கு மேல் உள்ள தொழிற்சாலையில் வெயில் காலத்தில் குடிநீரைக் குளிர்வித்துத் தர வேண்டும் என்று 18-ஆம் பிரிவு சொல்கிறது. நம்மிடம் அதற்கும் மேல் ஆட்கள் இருக்கிறோம், குளிர்நீர் இயந்திரம் அலுவலக வராந்தாவில் மட்டும் இருக்கிறது. தொழிற்சாலையைச் சோதிக்க வரும் ஆடிட் நாளில் அது மேலே வருவதையும், ஃபேன்கள் எல்லாம் ஓடுவதையும், ஸ்டூல்கள் முளைப்பதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். அந்த நாட்களின் மணிவாரிக் கணக்கையும் எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்டால் காட்டுகிறேன். ஆடிட் நாளில்தான் மூன்றாம் லைன் மதியத்திலும் தொண்ணூறைத் தொட்டது.

இதற்கு நீங்கள் சொல்லக்கூடிய பதில்களில் சிலவற்றை ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். பையர் விலையைக் குறைக்கிறார், நூல் விலை ஏறுகிறது, கூரைக்குப் பணம் இல்லை என்பது ஒன்று. இந்த ஊரில் நூல் விலை ஏறும்போதெல்லாம் எங்கள் சமையலறை வரை அது தெரியும். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் நூற்றுக்கு ஏழெட்டுப் பீஸ் கூடுதலாகப் பிரித்துத் தைக்கும் கூலியும், தவறும் கப்பலுக்குப் பதிலாக விமானத்தில் அனுப்பும் செலவும் எந்தக் கணக்கில் எழுதப்படுகின்றன? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் ஒன்றும் கேட்காமல் வேலை செய்கிறார்கள், உங்களுக்கு மட்டும் என்ன என்பது இன்னொன்று. அவர்கள் கேட்காததற்குக் காரணம் மொழி தெரியாததும் விடுதி உங்களுடையதாக இருப்பதும்தான். அவர்களின் மிஷின் எண்களும் என் நோட்டில் இருக்கின்றன. மதியத்தில் அவர்கள் பீஸும் எங்கள் பீஸைப் போலவேதான் திரும்பிப் போகிறது. ஆனி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்துவிடும், எல்லாம் சரியாகிவிடும் என்று மேலாளர் அவர்கள் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். உண்மைதான், காற்று வந்தால் எண்ணிக்கை ஏறும். டோக்கனும் ஊக்கத்தொகை வெட்டும் வேலை செய்கின்றன என்று அப்போது நீங்கள் முடிவுகட்டிவிடுவீர்களோ என்பதே என் பெரிய கவலை.

பெரிய முதலாளி காதர்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன அறையில் ஆறு மிஷின் போட்டுத் தொடங்கியவர் என்பதையும், அதற்கு முன் அவரே கைமடியாக இருந்தவர் என்பதையும் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை மேடையில் கேட்டிருக்கிறோம். அவர் நடமாட்டத்தில் இருந்த காலத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு லைனுக்குள் ஒரு சுற்று வருவார். தைத்த துணியைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். துணி ஈரமாக இருந்தால் டைலரைத் திட்டமாட்டார், எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுவார். இன்றைய நிர்வாக இயக்குநர் அவர்கள் மேல்தளத்துக்குக் கடைசியாக வந்தது பிப்ரவரியில், மிஷின்களை ஏற்றிய அன்று காலை ஒன்பது மணிக்கு.

எனவே நான் கேட்பவை இவை. "மெத்தனப் போக்கு" என்ற சொல்லோடு ஒட்டிய அறிவிப்பை முழுவதுமாக, மே 31-க்குள் திரும்பப் பெறுங்கள். மூன்றாம், நான்காம் லைன்களின் நேரத்தை மேல்தளத்திலேயே, மதியம் மூன்று மணிக்கு, நடுத்தரக் கை உள்ள டைலர்களை வைத்து மறுபடி அளந்து, தனிப்பட்ட தேவைக்கும் களைப்புக்கும் வெப்பத்துக்கும் எவ்வளவு சேர்த்தீர்கள் என்பதை எழுதி ஒட்டுங்கள்; அதுவரை பழைய கணக்கின்படி ஊக்கத்தொகையை வழங்குங்கள். கழிப்பறை டோக்கன் எந்த வடிவத்திலும் வேண்டாம்.

ஃபேன்களை நாளையே திரும்ப ஏற்றுங்கள். வெட்டிய துணி பறக்கிறது என்பது உண்மையான சிக்கல்தான். கட்டுகளை மேசைமேல் விரித்து வைக்காமல் மூடியுள்ள பிளாஸ்டிக் கூடைகளில் வைத்தால் அது தீர்ந்துவிடும், மிஷினுக்கு ஒன்று வீதம் நாற்பது கூடைகள் போதும். குளிர்நீர் இயந்திரம் ஒன்றை மேல்தளத்தில் நிரந்தரமாக வையுங்கள். செக்கிங்குக்கும் அயர்னிங்குக்கும் ஸ்டூல் தாருங்கள். விளக்குகளைக் கீழ்த்தளத்தில் இருந்த உயரத்துக்கு இறக்கி, எல்.ஈ.டி.யாக மாற்றுங்கள். கர்ப்பிணிப் பெண்ணை இந்த வாரமே பேக்கிங்குக்கு மாற்றுங்கள். இவற்றில் எதற்கும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகாது.

கூரைக்கு வெள்ளைப் பூச்சும், அதற்கு அடியில் காற்று இடைவெளி விட்டு இரண்டாவது கூரையும், சுவரில் சூட்டை வெளியே இழுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன்களும், மேல்தளத்திலேயே 25 பெண்களுக்கு ஒன்று என்ற கணக்கில் கழிப்பறையும் அடுத்த மாசிக்குள் முடியும் என்று தேதியிட்ட வாக்கை எழுத்தில் கேட்கிறேன். காற்றுக்காலம் இருப்பதால் அதற்குள் வேலையை முடிக்க உங்களுக்குப் போதுமான நேரம் இருக்கிறது.

கடைசியாக, ஒவ்வொரு லைனின் தலையிலும் மாட்டியிருக்கும் மணிவாரி உற்பத்திப் பலகையில் டார்கெட், எடுத்தது, ஆல்டர் என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றன. நான்காவதாக ஒரு கட்டம் போட்டு அந்த மணியின் வெப்பத்தை எழுதச் சொல்லுங்கள். வெப்பமானியை நான் வாங்கிவிட்டேன். பலகைக்கு ஒரு கோடு மட்டும் வேண்டும். பிப்ரவரியிலிருந்து இன்றுவரை உள்ள மணிவாரி நோட்டுகளை, ஏப்ரலுக்குப் பிறகு வெப்பமும் குறித்தவற்றோடு சேர்த்து, நீங்கள் சொல்லும் நாளில் கொண்டுவந்து தருகிறேன். மேல்தளத்தில் வைத்தே, மதியம் மூன்று மணிக்கு, நாம் அதைப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
மூன்றாம் லைன் செக்கிங் மேசையில் நிற்பவள்